ஐந்தாவது கேள்வி

காலை ஒன்பது மணிக்கு இடது கட்டைவிரலை மேசையில் வைப்பேன். மேசை என் பெயரைச் சொல்லும்: "செல்வின் தேவராஜ், நீர்ப்புகார் கேட்பாளர், நல்வரவு." பதினொரு வருடமாக ஒரே குரல், ஒரே உற்சாகம். செவியணி என்று அரசு எழுதுவதை நான் ஹெட்செட் என்பேன். அதை மாட்டிக்கொண்டால் ஊர்த் தாகமெல்லாம் என் காதுக்கு வந்துவிடும். தினமும் இருபத்திரண்டு அழைப்புகள். ஒன்று கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மக்கள் ஒழுங்காகப் புகார் செய்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டேன்.

ஒவ்வோர் அழைப்புக்கும் ஐந்து கேள்விகள். எந்தப் பகுதி, என்ன புகார், எத்தனை நாளாக, வீட்டில் எத்தனை பேர், வேறு புகார் உண்டா. வரிசை மாறக்கூடாது. ஐந்தாவதைக் கேட்டுப் பதில் வாங்கினால்தான் மேசை அந்த அழைப்பை மூடும். மாதத்தில் மூன்று அழைப்புகள் மூடாமல் கிடந்தால் நம் வேலையை மறுபடி பரிசீலிப்பார்கள். என்னிடம் ஒன்றுகூட அப்படிக் கிடந்ததில்லை.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. தேசிய மறுவாழ்வுப் பணிச் சட்டம் வருவதற்கு முன்னால் பாசஞ்சர் ரயிலில் கடலைமிட்டாய் விற்றுக்கொண்டிருந்தேன். சட்டம் மாற்றுத்திறனாளிகள் எங்கள் எல்லோருக்கும் வேலை கொடுத்தது, வீடும் கொடுத்தது. எனக்குப் பாளையங்கோட்டையில் மூன்றாவது மாடி. வேலை வீட்டுக்கே வந்துவிட்டதால், நாங்கள் வெளியே நடமாட வைத்திருந்தவை எல்லாம் வீணாகிவிட்டன. முதலில் பேருந்து நிறுத்தங்களில் பேசிய அறிவிப்பை நிறுத்தினார்கள். பிறகு நடைபாதையில் கைத்தடிக்கு வழிகாட்டிய வரிக்கற்களைப் பெயர்த்தார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை. பயன்படுத்த ஆளில்லை என்றார்கள். அது உண்மைதான். நான் கடைசியாக மாடியைவிட்டு இறங்கியது நான்கு வருடங்களுக்கு முன், ஒரு பல்வலிக்காக.

ரயிலில் வசவு வாங்கியிருக்கிறேன். கூடையை எட்டி உதைத்திருக்கிறார்கள். அந்தப் பிழைப்பு திரும்ப வேண்டும் என்று சத்தியமாகச் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே என் காலை யாராவது மிதித்துக்கொண்டே இருப்பார்கள். இப்போது மிதிப்பதற்கும் ஆளில்லை.

செவ்வாய்தோறும் பத்தரை மணிக்கு ஆலங்காயத்திலிருந்து குமுதவல்லி என்பவர் அழைப்பார். தண்ணீர் உப்புக் கரிக்கும், அல்லது மாடிக்கு ஏறாது. வீட்டில் நான்கு பேர். அவர், கணவர், மகள், சின்னவன். மற்ற அழைப்புகளில் நான்காவது கேள்விக்கு எண்ணை மட்டும் வாங்கிக்கொள்வேன். இவரிடம் மட்டும் நின்று விசாரிப்பேன்.

"சின்னவனுக்குச் சளி விட்டுட்டாம்மா?"

"எங்க சார் விடுது? ஐஸ் தின்னாதடான்னா கேக்கறானா? அவுங்க அப்பாதான் வாங்கிக் குடுக்கறாரு."

"அவரக் கண்டிக்க வேண்டியதுதான."

"அவரு சின்னவனுக்கும் சின்னவன் சார்."

நான் ஒரு புகாரைப் பதிந்தால் இரண்டு நாளில் தண்ணீர் சரியாகிவிடும். அடுத்த வாரம் "உங்க புண்ணியம் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் புதுப் புகாரை எடுப்பார். நான் ஒருவருக்காவது பயன்படுகிறேன் என்பதற்கு எனக்கிருந்த ஒரே சாட்சி அவர்தான். அந்த வீட்டில் ஐந்தாவது ஆள் நான் என்றுகூட நினைத்துக்கொள்வேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

போன பங்குனியில் ஒரு செவ்வாய், சின்னவன் பள்ளியில் தன் பல்லைத் தானே பிடுங்கி ஆசிரியையிடம் நீட்டிய கதையைச் சொன்னார். சிரித்துச் சிரித்து எனக்கு மறந்துவிட்டது. "சரிம்மா, வச்சிரட்டா?" என்றேன்.

"சார், அஞ்சாவதக் கேக்கலியே. கேட்டுடுங்க, இல்லன்னா இங்க எனக்கு மூடாது."

அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது.

"வேறு புகார் உண்டா?" என்றேன்.

"இல்ல சார்."

மேசை அழைப்பை மூடியது.

வாராவாரம் கேட்டவருக்குக் கேள்விகள் ஐந்து என்று தெரிந்திருக்கலாம். ஆனால் தண்ணீர் வராத ஒரு வீட்டில் மூடுவதற்கு என்ன இருக்கிறது? அவர் முன்னாலும் ஒரு மேசை இருந்தால்தான் அந்தப் பேச்சு வரும். புகாரைக் கேட்பது என் வேலை. புகார் கொடுப்பது அவர் வேலை. நான் பதிந்து அனுப்புவதைப் படித்து அடுக்குவது எங்கோ மூன்றாவது ஓர் அறையில் இன்னொருவர் வேலையாக இருக்கும்.

மிச்ச அழைப்புகளை அன்று கவனித்துக் கேட்டேன். நான்காவதற்குப் பதில் சொன்னதும் ஒவ்வொருவரும் ஐந்தாவதற்காகக் காத்திருந்தார்கள். பதினொரு வருடமாக அப்படித்தான் காத்திருந்திருக்கிறார்கள். என் வீட்டுக் குழாய் சீர்க்குழாய் வகை. விரிசல் விட்டால் தானே அடைத்துக்கொள்ளும், உப்பையும் தானே வடித்துவிடும். நாடு முழுவதும் அதே குழாய்தான் என்று செய்தியிலும் கேட்டிருக்கிறேன். பிறகு எங்கிருந்து இத்தனை புகார் என்று ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் நான். வெள்ளை எப்படியிருக்கும் என்றே தெரியாது, ஆனாலும் நம்பினேன்.

கோபம் வந்தது. அழுகையும் வந்தது, அதை மறைப்பானேன். என் வேலை பொய்யானதைவிட அந்த நான்கு பேர் குடும்பம் பொய்யானதற்குத்தான் அதிகம் அழுதேன்.

வெள்ளிக்கிழமை பணியமர்வு அலுவலர் தேன்மொழி அழைத்தார். வருடாந்தர விசாரிப்பு. உடம்பு, தூக்கம், சாப்பாடு எல்லாம் கேட்டு முடித்தார்.

"கடைசிக் கேள்வி சார். எதிர்முனையில பேசுறவங்க பொதுமக்கள் இல்லையோன்னு எப்பவாவது தோணியிருக்கா?"

போன வருடங்களில் இதைக் கேட்டபோது காரணம் புரியாமல் சிரித்திருக்கிறேன்.

"தோணுனா என்ன செய்வீங்க மேடம்?"

"ரெண்டு பேரையும் பிரிச்சு வேற ஆளோட இணைச்சிருவோம். அந்தக் குரல் உங்களுக்கு மறுபடி வராது. உண்மையான வேலை செய்யறோங்கற நிறைவு கெடக்கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு." மறுபடி கேட்டார்: "தோணியிருக்கா சார்?"

தோன்றியது என்று சொல்லிவிட்டால் நான் நாணயமான ஆளாவேன். ஆனால் செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு வேறு யாரோ பேசுவார்.

"இல்ல மேடம்."

"நல்லது சார்," என்றார். பிறகு, குரலைத் தணித்து, "எல்லாருமே இல்லன்னுதான் சொல்றாங்க."

அடுத்த செவ்வாய் வரும்வரை எனக்கு ஒரே பயம். நான் சொல்லாவிட்டாலும் குமுதவல்லி தன் தவறைத் தானே சொல்லியிருந்தால்? பத்தரை ஆயிற்று. மேசை சும்மா இருந்தது. பத்து முப்பத்து நான்குக்கு மணி அடித்தது.

"வணக்கம் சார்."

அதே குரல். முதல் கேள்வியைக் கேட்டேன்.

"ஆலங்காயம்."

"என்ன புகார்?"

"தண்ணி கரிக்குது சார்."

"எத்தனை நாளாக?"

"மூணு நாளா."

"வீட்டில் எத்தனை பேர்?"

நாலு என்ற சொல் வரவில்லை. "ஒருத்திதான் சார்," என்றார்.

"சின்னவன்?"

"இல்ல சார். யாருமே இல்ல. நாலு பேருன்னு எனக்குக் குடுத்த தாள்ல இருந்துச்சு. அவனோட சளி, பல்லு, அதெல்லாம் நானா சொன்னது. நீங்க ஆசையா கேட்டீங்களா, அதான்."

நான் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கோவமா சார்?"

"இல்லம்மா. அன்னைக்கு இருந்துச்சு. இப்ப இல்ல."

"எனக்கு இடுப்புக்குக் கீழ வராது சார். ரெண்டாவது மாடி. இறங்கி ஆறு வருஷம் ஆவுது." பிறகு அவரே கேட்டார்: "அங்க எத்தினி பேரு?"

"இங்கயும் நான் ஒருத்தன்தாம்மா."

நான்காவது கட்டத்தில் இரண்டு என்று பதிந்தேன். மேசை ஏற்றுக்கொண்டது. எந்த வீட்டில் இரண்டு என்று அது கேட்கவில்லை. பிறகு மெல்ல ஒரு மணி அடித்து ஐந்தாவது கேள்வியை நினைவூட்டியது. அடுத்த அழைப்பு வரிசையில் காத்திருந்தது.

நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவரும் கேளுங்கள் என்று சொல்லவில்லை.