ஒன்பதாம் பிரிவும் ஒரு தொண்டையும்

காலையில் பால் அடுப்பில் இருக்கும்போதே சமையலறைச் சுவர்த்திரையில் நீதிமன்றம் கூடியது. செவ்வாய்க் கிரகத்தில் இது வழக்கந்தான். பால் பொங்குவதற்குள் இரண்டு வழக்குகள் முடிந்துவிடும். ‘நடுவி’ என்கிற நீதி இயந்திரம் தொண்டையைச் செருமிக்கொண்டது. அதற்குத் தொண்டை கிடையாது. மரியாதைக்காக அப்படிச் செய்யும்.

மனுதாரர் நல்லசிவம் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மூன்று மாதமாக மனைவி பூங்கோதை தோழி வீட்டில் இருக்கிறாள். சன்னல் வைத்த வீடு அங்கே தம்பதிகளுக்கு மட்டுமே. தனி ஆள் என்று பதிவானால் பாதாளக் கூடத்தில் அடுக்குக் கட்டில்தான். பூமியிலிருந்து எத்தனையோ சாமான்களை எடைக்குப் பயந்து விட்டுவிட்டு வந்தவர்கள், இந்து திருமணச் சட்டத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்கள். தக்க காரணமின்றிப் பிரிந்துபோன துணை திரும்பி வந்து சேர்ந்து வாழ உத்தரவிடும்படி கேட்க வழிசெய்வது அதன் ஒன்பதாம் பிரிவு. செவ்வாயில் உத்தரவை மீறினால் காவல் இயந்திரங்கள் கையைப் பிடித்தே கூட்டிவந்துவிடும். நல்லசிவத்துக்கு வேண்டியதும் அதுதான்.

“திமிரெடுத்துப் போயிட்டாளுங்க. நான் ஒரு வார்த்தை அதட்டியிருப்பனா? கேட்டுப் பாருங்க.”

சுவரின் மறுபாதியில் தெரிந்த பூங்கோதை அவரைப் பார்க்கவேயில்லை. “எங்கீங்க அதட்டறது. அவரு எங்கூடப் பேசினதே இல்லீங்களே.”

விஷயம் இதுதான். அங்கே எல்லோர் காதுக்குப் பின்னாலும் ஒரு பேச்சுப்பதிலி உண்டு. அலுவலகத்து வெட்டிக் கூட்டங்களுக்காக வந்த சாதனம். முடுக்கிவிட்டால் ஆளின் தொண்டையை வாங்கிக்கொண்டு அவர் குரலிலேயே பேசும். ஆள் பாட்டுக்குக் கண்ணுக்குள் சினிமா பார்த்துக்கொண்டிருக்கலாம். நம் நல்லசிவம் கலியாண வரவேற்பில், வந்தவர்களோடு பேச அலுப்பாக இருக்கிறதென்று அதை முடுக்கினார். பாவம், பிறகு அணைக்கச் சௌகரியப்படவில்லை.

நடுவி பதிலியைச் சாட்சிக்கு அழைத்தது. நல்லசிவத்தின் வாய் தானாகத் திறந்தது.

“நான்தாங்க பேசிட்டிருந்தேன். அவங்கப்பா பூமியில தவறினப்ப விடிய விடிய ஆறுதல் சொன்னதும் நான்தாங்க.”

நல்லசிவம் வாயைப் பொத்திக்கொண்டார். மாமனார் இறந்துபோன சேதியே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

“பேசுவது பதிலி என்று உங்களுக்குத் தெரியுமா?” என்று நடுவி பூங்கோதையைக் கேட்டது.

“மொத வருசமே தெரியுமுங்க. மூணு மாசத்துக்கு முன்ன அது பழுதாயிருச்சு. காய்ச்சலோட படுத்துக் கெடந்தேன். யாரோ ஒரு ஆளு வந்து ‘இன்னும் சோறு ஆகலையா’ன்னு உறுமுனாரு. பயந்துபோயி வந்துட்டேன். இப்பச் சரியாயிருச்சுன்னா இன்னைக்கே வாரனுங்க. ஆனா இந்தாளு வாயத் தொறக்கக் கூடாது.”

“தாலி கட்டினவன் நான்டி,” என்று பல்லைக் கடித்தார் நல்லசிவம்.

“கட்டுனது உங்க கையி. குடும்பம் நடத்துனது அதுங்க.”

நடுவி தீர்ப்பைப் படித்தது. “மனு அனுமதிக்கப்படுகிறது. மனுதாரர் கோரியபடியே, இருவரும் இதுவரை எப்படிச் சேர்ந்து வாழ்ந்தார்களோ அப்படியே இனியும் வாழ வேண்டும். வீட்டில் பதிலி எப்போதும் இயங்கும். மனுதாரர் சொந்தமாகப் பேசக் கூடாது.”

வீடு தப்பித்தது. நல்லசிவம் மீசையை முறுக்கிக்கொண்டார். பேசாமல் இருக்கச் சொன்னால் கசக்கிறதா என்ன?

முதல் வாரம் சினிமா பார்த்தார். பிறகு, தன் வாயிலிருந்து என்னதான் வருகிறதென்று ஒட்டுக்கேட்கத் தொடங்கினார். பூங்கோதை தன் மேலதிகாரியைப் போலப் பேசிக்காட்டினாள். அவர் தொண்டை விழுந்து விழுந்து சிரித்தது. அடிப்பாவி, இவ்வளவு வேடிக்கையாகப் பேசுகிறவளா இவள்? தானும் ஏதாவது சொல்ல வேண்டுமென்று அவருக்கு ஆசை வந்தது. அதற்குள் வாய் வேறெதையோ, அவர் நினைத்ததைவிட நன்றாகவே சொல்லிவிட்டது. அவள் அவர் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினாள். அது யாருக்கு விழுந்த தட்டு என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள், சொந்த வாயால் பேசத் தடையில்லாத அலுவலகத்திலிருந்து மறுபடி மனுப் போட்டார். அதே ஒன்பதாம் பிரிவு. எதிர்மனுதாரர், அவருடைய பதிலி. மனைவியோடு சேர்ந்து வாழும் உரிமையைத் தனக்கு மீட்டுத் தர வேண்டும்.

“விசாரிக்கலாம்,” என்றது நடுவி. “சட்டப்படி ஒரே ஒரு விவரம் வேண்டும். நீங்களும் உங்கள் மனைவியும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்தது எங்கே, எப்போது?”

நல்லசிவம் யோசித்தார். பக்கத்து மேசைக்காரர் சாப்பிடப் போய்த் திரும்பியும் வந்துவிட்டார். இவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.