யோஹே என்றால் என்ன அர்த்தம்?

மர ஆலை மூடியதும் எங்கள் மலைக்கிராமமான கமிசாவாவில் முதலில் போனது ரம்பத்தின் சத்தம். அடுத்து நூடுல்ஸ் கடை போனது. அதற்கடுத்து யோஹே போனான்.

அவன் அப்பா அந்த ஆலையில்தான் வேலை பார்த்தார். டவுனில் அவருக்கு வேறு வேலை கிடைத்தது. வசந்த விடுமுறையில் ஒரு நாள் காலை, வீட்டுச் சாமான்களையெல்லாம் லாரியில் ஏற்றிய பிறகு யோஹே மினோரியின் வீட்டு வாசலில் வந்து நின்றான். இருவரும் ஒரே வகுப்பு. ஊரின் பேஸ்பால் அணியில் மூன்றாவது தளத்தைக் காப்பது மினோரியின் வேலை. அவளுக்குப் பக்கத்து இடம் யோஹேயுடையது.

"கோடைப் போட்டிக்கு நான் டவுன் டீம்ல வருவேன். நீங்களும் வரணும். டீமை மட்டும் மூடிடாதீங்க," என்றான்.

"அதெல்லாம் மூட மாட்டோம்," என்றாள் மினோரி.

அவ்வளவுதான் பேசினார்கள். லாரி பாலத்தைத் தாண்டி வளைவில் மறைந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அதையும் கோழிக்கூண்டுக்குப் பின்னால் போய்த்தான் அழுதாள். கோழிகள் யாரிடமும் போய்ச் சொல்லாது.

யோஹேயைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பேஸ்பாலில் அடித்த பந்து தரையைத் தொடுவதற்குள் பிடித்துவிட்டால் அடித்தவர் அவுட். எங்கள் ஊரில் அது யோஹேயின் வேலை. பக்கத்தில் வரும் பந்து என்றால் "ஓ!" என்று சொல்லி அவரவரே பிடிப்பார்கள். 'ஓ' என்றால் 'என்னுது' என்று அர்த்தம். ஆனால் பந்து உயரக் கிளம்பிவிட்டால் எல்லோரும் "யோஹே!" என்று கத்திவிட்டு அப்படியே நின்றுவிடுவார்கள். அவன் எங்கிருந்தாவது ஓடிவந்து பிடித்துவிடுவான். மற்றவர்களுக்கு மூக்கைச் சொறிய நேரம் கிடைக்கும்.

அவன் போன பிறகு நடந்த முதல் பயிற்சியில் ஒரு பந்து உயரக் கிளம்பியது. மிச்சமிருந்த எட்டுப் பேரும் "யோஹே!" என்று கத்தினார்கள். எட்டுப் பேரும் நின்றார்கள். அவன் வழக்கமாக நிற்கும் இடத்தில் பந்து பொத்தென்று விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. போய் அதை எடுக்கவும் யாருக்கும் கால் வரவில்லை.

கோச் ஒகினோ எங்கள் ஊர்த் தபால்காரர். நல்ல சேதியையும் கெட்ட சேதியையும் ஒரே முகத்தோடு கொண்டுவந்து கொடுப்பவர். அன்றைக்கு அவருக்கே முகம் கோணியது. எட்டுப் பேரை வைத்துப் போட்டிக்குப் பெயர் கொடுக்க முடியாது, ஒன்பதாவது ஆள் வேண்டும் என்றார். ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? இருந்த ஒரே கைக்குழந்தைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.

சின்னவர்களின் அணி போனால் அதோடு முடியாது. பள்ளத்தாக்கில் உள்ள உயர்நிலைப் பள்ளியின் அணிக்கும் இவர்கள்தான் நாளைக்குப் போக வேண்டும். இங்கே காய்ந்தால் அங்கேயும் காயும்.

ஆற்றின் அக்கரையில் ஓசே என்று ஓர் ஊர். அங்கும் ஓர் அணி உண்டு. ஆனால் இரண்டு ஊர்ப் பெரியவர்களுக்கும் பேச்சே கிடையாது. மினோரி பிறப்பதற்கு முன்னால் நடந்த ஓர் ஆட்டத்தில், ஒரு பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று தகராறு. அந்தப் பந்து இந்நேரம் மண்ணோடு மண்ணாக மக்கியிருக்கும். சண்டை மட்டும் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது.

மினோரி யாரையும் கேட்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போனாள்.

ஓசே மைதானத்தில் ஒரே ஒரு பையன் தும்பி இழுத்துக்கொண்டிருந்தான். நீளமான பிடியும் குறுக்கே ஒரு பலகையும் வைத்து மைதானத்து மண்ணைச் சமன்செய்யும் கருவிக்கு எங்கள் பக்கத்தில் தும்பி என்றுதான் பெயர். பையன் பெயர் தைஜு. மண்ணில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

"யாருமே விளையாடலையே. எதுக்கு இழுக்கறே?" என்று கேட்டாள்.

"நேத்து மழை வந்துச்சு. இப்பல்லாம் அது மட்டும்தான் வந்து விளையாடுது," என்றான் தைஜு.

சுவரில் இன்னொரு தும்பி சாய்ந்திருந்தது. மினோரி அதை எடுத்து, அவன் பக்கத்தில் இழுக்கத் தொடங்கினாள். மைதானம் முடியும் வரை இருவரும் சேர்ந்தே இழுத்தார்கள். முடிந்ததும், தங்கள் பக்கம் ஐந்து பேர் என்று தைஜு சொன்னான். எங்கள் பக்கம் எட்டு என்று மினோரி சொன்னாள். கணக்கை வாய்விட்டுச் சொல்ல இருவருக்கும் பயமாக இருந்தது.

பெரியவர்கள் சம்மதித்தார்கள், முனகிக்கொண்டே. கூட்டணியில் எந்த ஊரின் பெயர் முதலில் வருவது என்று அவர்கள் சாயங்காலம் வரை வாதாடினார்கள். குழந்தைகள் வெளியே கல்-தாள்-கத்தரி விளையாடி முடிவுசெய்துவிட்டு வந்து சொன்னார்கள். ஓசே ஜெயித்திருந்தது. சட்டையை மட்டும் மாற்றவில்லை. கமிசாவா நீலம், ஓசே பச்சை.

ஆனால் பந்து கீழேதான் விழுந்தது.

காரணம் அந்த 'ஓ'. ஓசேயிலும் 'ஓ' என்றுதான் கத்துவார்கள். ஆனால் அங்கே அதற்கு 'சரி, நீயே பிடி' என்று அர்த்தம். பந்து வரும். மினோரி "ஓ!" என்பாள். அதைக் கேட்ட தைஜு, தன்னைப் பிடிக்கச் சொல்கிறாள் என்று ஓடி வருவான். இருவரும் முட்டிக்கொள்வார்கள். தைஜு "ஓ!" என்றால் இருவருமே விலகிவிடுவார்கள். பந்து நடுவில் விழும்.

பயிற்சி ஆட்டம் ஒவ்வொன்றிலும் தோற்றார்கள். நீலச்சட்டைகள் ஒரு மரத்தடியிலும் பச்சைச்சட்டைகள் இன்னொரு மரத்தடியிலும் உட்கார்ந்து சோற்றுருண்டை தின்றார்கள். உங்கள் வார்த்தைதான் தப்பு என்று இரண்டு பக்கமும் சொன்னது. கோச்சுகளும் அவரவர் ஊர்ப் பக்கமே பேசினார்கள். இன்னும் ஒரு வாரம் போனால் அணி உடைந்துவிடும் என்று மினோரிக்குத் தெரிந்தது. யோஹேக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது?

மறுநாள் ஒரு பந்து மிக உயரப் போனது. பயத்தில் மினோரியின் வாயிலிருந்து அந்தப் பழைய பெயர்தான் வந்தது.

"யோஹே!"

நீலச்சட்டைகள் எல்லோரும் பழக்கத்தில் சட்டென்று நின்றார்கள். வழி காலியானது. பந்து மினோரியின் கையுறையில் வந்து உட்கார்ந்தது.

தைஜு அதைக் கவனித்துவிட்டான். அடுத்த பந்துக்கு அவனே "யோஹே!" என்று கத்திக்கொண்டு ஓடினான். மறுபடியும் நீலச்சட்டைகள் நின்றார்கள். அவனும் பிடித்தான். மூச்சு வாங்க மினோரியிடம் வந்தான்.

"இது நல்ல வார்த்தையா இருக்கே. உங்க ஊர்ப் பேச்சுல யோஹேன்னா என்ன அர்த்தம்?"

பக்கத்தில் நின்ற நீலச்சட்டைகள் தரையைப் பார்த்தார்கள்.

"'நான் பாத்துக்கறேன்'னு அர்த்தம்," என்றாள்.

அன்றிலிருந்து பதின்மூன்று பேருக்கும் அதுவே வார்த்தை. ஓசேக்காரர்கள் எங்களைவிட அழகாக இழுத்துக் கத்தினார்கள். ஒவ்வொரு முறையும் மினோரி யாரோ வரப்போகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பாள். யாரும் வர மாட்டார்கள்.

கோடைப் போட்டியில் முதல் ஆட்டமே டவுன் அணியோடு. அந்த அணியில் எத்தனை பிள்ளைகள்! மினோரி யோஹேயைத் தேடினாள். அவன் ஆடுகிறவர்களோடு இல்லை. பெஞ்சின் கடைசியில், முதுகில் எண் இல்லாத சட்டையோடு, மட்டைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் லேசாகத் தலையசைத்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

எங்கள் மலையிலேயே நன்றாகப் பந்து பிடித்தவன். மினோரிக்குக் கோபமா அழுகையா என்று தெரியவில்லை.

ஆட்டம் பாதியில் டவுன் பையன் ஒருவன் பந்தை வானத்துக்கு அனுப்பினான். தைஜு ஓடினான்.

"யோஹே!"

நீலமும் பச்சையும் விலகி நின்றன. எதிர்ப் பெஞ்சில் யோஹே எழுந்துவிட்டான். கையிலிருந்த மட்டை கீழே விழ, வெறும் கையை உயர்த்திக்கொண்டு, பந்தையே பார்த்தபடி கோட்டைத் தாண்டி இரண்டு அடி ஓடிவந்தான். பிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்பது அவனுக்கு நினைவு வந்தது.

பந்தைத் தைஜு பிடித்தான். டவுன் பிள்ளைகள் யோஹேயைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் மட்டையைப் பொறுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தான்.

ஆட்டத்தில் எங்கள் அணி தோற்றது. நன்றாக ஆடித்தான் தோற்றது. ஆனாலும் தோல்வி தோல்விதான்.

வரிசையில் நின்று வணங்கி முடித்ததும், அந்த டவுன் பையன் ஏன் எழுந்து ஓடிவந்தான், அவர்களுக்கும் அதே வார்த்தைதானா என்று தைஜு கேட்டான்.

"அது வார்த்தை இல்ல. அவன் பேரு," என்றாள் மினோரி. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

தைஜு நேராகப் போய், மட்டைப் பையைச் சுமந்துகொண்டிருந்த யோஹேயின் முன்னால் தொப்பியைக் கழற்றிக் குனிந்தான். மினோரி பின்னாலேயே ஓடினாள்.

"உன் பேரைக் கேக்காம எடுத்துட்டோம். திருப்பித் தரணுமா?"

யோஹே பையை மாற்றித் தோளில் போட்டுக்கொண்டான். "வச்சுக்கோங்க. இங்க யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடறதில்ல. 'மலைக்காரன்'தான்."

மினோரி எவ்வளவோ சொல்ல நினைத்தாள். அதற்குள் அவனை யாரோ கூப்பிட்டார்கள். பெயர் சொல்லி இல்லை.

பஸ்ஸில் ஏறியதும் மினோரி எல்லோரிடமும் ஏதோ கிசுகிசுத்தாள். நீலச்சட்டைகளும் பச்சைச்சட்டைகளும் ஒரே பக்கத்து ஜன்னல்களில் வந்து குவிந்தார்கள். பஸ் சாயப்போகிறது என்று ஓட்டுநர் சத்தம் போட்டார். மைதானத்து ஓரத்தில் டவுன் அணி முழுவதும் கூடியிருந்தது.

பதின்மூன்று பேரும் மூச்சை இழுத்துக் கத்தினார்கள்.

"யோஹே!"

டவுன் பிள்ளைகள் எல்லோரும் திரும்பினார்கள். முதலில் பஸ்ஸைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அவனைப் பார்த்தார்கள். யோஹே பையைக் கீழே வைத்தான். பந்து பிடிப்பதுபோல் இரண்டு கைகளையும் மேலே தூக்கினான்.

"ஓ!"

பஸ் நகர்ந்தது. தைஜு கண்ணைத் துடைத்துக்கொண்டு மினோரியைப் பார்த்தான்.

"பாத்தியா? 'நீங்களே வச்சுக்கோங்க'ங்கறான்."

"எங்க ஊர்ல அதுக்கு 'என்னுது'ன்னு அர்த்தம்," என்றாள் மினோரி.

தைஜு ஆறு வரும் வரை யோசித்தான். இந்த ஒரு தடவை இரண்டு ஊரும் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்றான்.