ரக்பி போஸ்டர் ஒட்டிய அறை

கைக்கடிகாரம் தலையணை உறைக்குள் கிடந்தது. போலீஸ்காரர் உதறியதும் கட்டிலில் விழுந்தது.

"யார் ரூம் இது?"

"என்னுதுதான்," என்றான் ஃபிலிமோனே, கதவுக்கு வெளியே நின்றபடி. வயது பத்தொன்பது. அவன் வேலை பார்த்த கடையில் காணாமல் போனவை மூன்று கடிகாரங்கள். கிடைத்தது இது ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை. நியூசிலாந்தில், ஆக்லாந்தின் தெற்கே, நீதிமன்றத் தாழ்வாரம். இலவச வக்கீல் கலோலைனே அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவளும் அவனைப் போலவே டோங்காத் தீவுக்காரிதான், தன் குடும்பத்தில் முதல் பட்டதாரி.

"மூணு வழி இருக்கு. முதல் தப்புங்கிறதால போலீஸ் டைவர்ஷன் தரலாம். தப்பை ஒத்துக்கணும், மன்னிப்புக் கேக்கணும், சொன்னதைச் செஞ்சு முடிக்கணும். வழக்கை வாபஸ் வாங்கிடுவாங்க. ரெண்டாவது, கோர்ட்ல ஒத்துக்கிட்டு, தண்டனைப் பதிவு இல்லாம விடுங்கன்னு ஜட்ஜைக் கேக்கலாம். விட்டே ஆகணும்னு இல்ல. மூணாவது, செய்யலைன்னு சண்டை போடுறது."

"முதல் வழி, அக்கா. எங்க கையெழுத்து?"

"எடுத்தியா?"

"எடுத்தேன்."

"மத்த ரெண்டும் எங்க?"

அவன் அவள் பேனாவுக்குக் கை நீட்டினான்.

கலோலைனேவுக்கு எரிச்சல் பொங்கியது. செய்யாததை ஒத்துக்கொண்டு தலைகுனிந்து போகிறவர்களை இந்தத் தாழ்வாரத்தில் அவள் போதும் போதும் என்று பார்த்துவிட்டாள். போலீஸ் எடுத்த புகைப்படத்தை அவன் முன்னால் வைத்தாள். ஒற்றைக் கட்டில். சுவரில் ரக்பி போஸ்டர். கதவோரம் சேறு காய்ந்த பூட்ஸ்.

அவன் படத்தைச் சட்டென்று கவிழ்த்தான். காது சிவந்துவிட்டது.

"போலீஸ் வர்றதுக்கு முன்னாடி வீட்டுக்கு யாரு வந்தாங்க?"

"எங்க சூப்பர்வைசர் ட்ரெவர், முந்தின நாள். அம்மா லூ அவிச்சு வச்சிருந்தாங்க. தேங்காப்பால் சொட்டச் சொட்ட மூணு சேம்பிலைப் பொட்டலம் முழுங்கிட்டு, பாத்ரூம் எங்கன்னு கேட்டு உள்ள போனாரு."

"நீ ரக்பி ஆடுவியா?"

"நானா? சர்ச் பேண்ட்ல டிரம்பெட் ஊதுறேன். ராத்திரி கராஜ்ல ஊதினா, அடுத்த வாரம் மாகாணத் தேர்வு, தூங்கணும்னு தங்கச்சி அனாசெய்னி கத்துவா, அம்மா செருப்பைத் தூக்கி எறிவாங்க."

"ராத்திரி கராஜ்ல உனக்கு என்ன வேலை?"

"அங்கதான படுக்..." நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கவிழ்ந்த படத்தை அவள் ஒருமுறை பார்த்தாள். போதும்.

அந்த அறையைச் சோதித்த சார்ஜென்ட் ஹார்ட்லியிடம் போனாள். "சார், அஞ்சு நிமிஷம் என் பக்கத்துல சும்மா நில்லுங்க. வாயைத் திறக்காதீங்க."

கடையின் சார்பில் வந்திருந்த ட்ரெவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"பாவம் நீங்க. நம்பி வேலை குடுத்தீங்க, அவன் கராஜ்ல ஒளிச்சு வச்சிட்டான்," என்றாள் கலோலைனே அவனிடம்.

"கராஜா? அவன் ரூம்லதான். ரக்பி போஸ்டருக்குக் கீழ, தலையணைக்குள்ள."

"யார் சொன்னா?"

"போலீஸ்தான்."

"வீட்ல கிடைச்சதுன்னு மட்டும்தான் சொன்னோம்," என்றார் ஹார்ட்லி.

ட்ரெவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினான்.

"வச்சது இவர்தான், சார். பாத்ரூம் போறேன்னு போய், போஸ்டரையும் பூட்ஸையும் பார்த்து, பையன் ரூம்னு நினைச்சு வச்சிட்டாரு. நீங்களும் அப்படித்தான் நினைச்சீங்க. ரக்பி ஆடுறது அவன் தங்கச்சி அனாசெய்னி. அது அவ ரூம். எங்க வீடுகள்ல வயசுக்கு வந்த தங்கச்சி ரூமுக்குள்ள அண்ணன் கால் வைக்க மாட்டான். அவ கட்டில் படத்தைக்கூட இவன் கவிழ்த்து வச்சான். என்னுதுன்னு சொல்லாட்டி அவளைப் பிடிப்பீங்கன்னு பயம். அடுத்த வாரம் அவளுக்கு மாகாண அணித் தேர்வு."

ஹார்ட்லி ட்ரெவரின் முழங்கையைப் பிடித்தார். "மத்த ரெண்டு எங்கன்னு உள்ள போய்ப் பேசுவோமா?"

மதியத்துக்குள் ஃபிலிமோனே மீதிருந்த வழக்கு வாபஸ் ஆனது. மூன்று வழியில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

வாசலில் விளையாட்டுப் பையோடு அனாசெய்னி காத்திருந்தாள். கலோலைனேயின் ஒரு பக்கம் அவள், மறு பக்கம் அவன். ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"அவன்கிட்ட கேளுங்க அக்கா, என் தலையணைக்காகத் திருடன்னு கையெழுத்துப் போட இருந்தானா, மடையன்."

ஹார்ட்லி பின்னாலேயே வந்தார். "அந்த ரூமை இன்னொரு தடவை பார்க்கணும். தம்பி, நீயும் வந்து காட்டு."

"வர்றேன் சார்," என்றான் ஃபிலிமோனே. "ஆனா நான் வெளியவே நிப்பேன்."