சாயத் தொட்டியில் ஒரு வெள்ளைச் சட்டை

விடாத மழையில் நனைந்தபடி துப்பறிவாளர் ஸ்ரீகண்டனின் பிரேசர் டவுன் வீட்டுக்கு வந்த சின்னத்தாயி, துணி மூட்டையை அவிழ்த்து அவர் மேசைமேல் ஒரு சட்டையை வைத்தாள். சாயப்பட்டறைத் தொட்டியில் செத்துக் கிடந்த அவள் புருஷன் பச்சைமுத்துவின் சட்டை. குளிப்பாட்டக் கழற்றியது, இன்னும் துவைக்கவில்லை. வெள்ளை வெளேரென்ற துணியில் கொஞ்சம் மண் கறை மட்டும் இருந்தது.

"என் தம்பி கோவிந்தன்தான் தள்ளினான்னு பிடிச்சுட்டாங்க சார். ரெண்டு பேருக்கும் சண்டைன்னு போலீஸ்ல நானே சொல்லித் தொலைச்சேன். தூக்குல போட்டுருவாங்களா?"

உதவியாளன் நோயல் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். ஆனாலும் தான் விசாரித்து வந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"பட்டறை மேஸ்திரி டெஸ்மண்ட் கண்ணால பார்த்தாராம் சார். சாயங்காலம் ஆறு மணிக்குப் பச்சைமுத்து தொட்டியில மண்ணைக் கலக்கிட்டு இருந்தப்போ கோவிந்தன் தள்ளினானாம். மறுநாள் காலையில ஏழு மணிக்குத்தான் பிணத்தைப் பார்த்திருக்காங்க. கோவிந்தன் சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் ராத்திரி ஷிப்டுக்கு மில்லுக்குப் போனவன், காலையில எட்டு மணிக்குத்தான் வெளியே வந்தான்."

"மண் எதுக்கும்மா?" என்று ஸ்ரீகண்டன் சின்னத்தாயியைக் கேட்டார்.

"ஏரிக் களிமண்ணு சார். பட்டு நூல் நனைச்ச கழிவுத் தண்ணி ரத்தமாட்டம் இருக்கும். இதைக் கலக்கிவிட்டா விடியறதுக்குள்ள சாயத்தை இழுத்துக்கிட்டு அடியில படிஞ்சிடும். மேல தண்ணி தெளிஞ்சிடும். அவரா கண்டுபிடிச்சது, காலணா செலவில்லை. தெளிஞ்சுதான்னு பார்க்க ராத்திரி பட்டறையிலயே படுத்துக்குவாரு."

ஸ்ரீகண்டன் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் குடையை எடுத்தார்.

பட்டறையில் இன்ஸ்பெக்டரும் டெஸ்மண்டும் நிற்க, அவர் அப்போதுதான் மண் கலக்கிய சாயத் தண்ணீரில் தன் கைக்குட்டையை நனைத்தார். அது ரோஜா நிறமாக வெளியே வந்தது.

"ஆறு மணிக்கு விழுந்திருந்தால் சட்டை இப்படித்தான் ஆகியிருக்கும். அவன் விழுந்தது தெளிந்த தண்ணீரில், விடிந்த பிறகு. அப்போது கோவிந்தன் மில்லில் இருந்தான். காலையில் பார்த்தவர்களுக்குத் தெளிந்த தண்ணீரும் வெள்ளைச் சட்டையும் பொருந்திப்போயின. மாலையில் அந்தத் தண்ணீர் என்ன நிறம் என்று யாருமே யோசிக்கவில்லை. விடிகாலையில் கதவைத் திறக்கிற சாவி யாரிடம் இருக்கிறது, டெஸ்மண்ட்?"

டெஸ்மண்டின் முகம் வெளிறியது.

"மண்ணே போதும்னு முதலாளிகிட்ட சொல்லப் போறேன்னான் சார். தண்ணியைத் தெளிய வைக்க முதலாளி வாங்கித் தர்ற பவுடர் டின்னை நான் வெளியே வித்ததெல்லாம் தெரிஞ்சிருக்கும். கோபத்துல தள்ளிட்டேன்…"

மறுநாள் கோவிந்தனை விட்டுவிட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் சின்னத்தாயி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். அவன் கையை விடுவித்துக்கொண்டான்.

"அக்கா, நான்தான் செஞ்சேன்னு நீயும் நம்பிட்டியா?"

பொய் சொல்லிவிடம்மா என்று நோயல் மனசுக்குள் கெஞ்சினான்.

"நம்பிட்டேன்டா," என்றாள் அவள்.

கோவிந்தன் தலையாட்டிவிட்டு, மழையில் இறங்கி, அவள் வீட்டுக்குப் போகாமல் எதிர்த்திசையில் நடந்தான்.