தோ பறவையும் பதினோரு ஓட்டைகளும்

அந்தப் பறவை சுவரைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

நெய்தி சட்டென்று சைக்கிளை நிறுத்தினாள். ஐந்து நாளாக விடாத மழை. காட்டுப் பாதையின் வெள்ளை மண் சக்கரமெல்லாம் அப்பியிருந்தது. ஹேண்டிலில் அப்பாவின் சாப்பாட்டுப் பை நனைந்து தொங்கியது. பழைய கோயில் மேடு பாதிக்கு மேல் மேகத்துக்குள் காணாமல் போயிருந்தது.

சப்போட்டா மரத்தின் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்திருந்தது ஒரு தோ. கிணற்றுச் சுவரிலும் இடிந்த கோயில் சுவரிலும் பொந்து தேடிக் குடியிருக்கும் நீலப்பச்சைப் பறவை. அதன் நீண்ட வால் பெண்டுலம் போல இடமும் வலமும் போய் வந்தது. அலகில் ஒரு சிள்வண்டு.

விழுங்கவில்லை. அப்படியென்றால் இரை வேறு யாருக்கோ.

யாருக்கு?

நெய்தி இடிந்த கோயிலின் சுவரைப் பார்த்தாள். நேற்றுக் காலை வரை அதில் பதினோரு ஓட்டைகள் இருந்தன. இன்று ஒன்றுகூட இல்லை.

மூடியது அவள்தான்.

நெய்தியின் அப்பா பௌலினோ, இந்த இடிபாடுகளைப் பழுதுபார்க்கும் கொத்தனார். மழைத் தண்ணீர் இறங்கிச் சுவர் சரியாமல் இருக்க, சனிக்கிழமையான இன்று நண்பகலுக்குள் எல்லா ஓட்டைகளையும் அடைக்க வேண்டும் என்பது உத்தரவு. நெய்தியின் கை சின்னக் கை. சில்லுக் கல்லை உள்ளே தள்ளி இறுக்க அதுதான் வசதி. மேலே காரை பூசுவது அப்பாவின் வேலை.

"உள்ள பாத்தியா?"

ஒவ்வொரு ஓட்டைக்கும் அப்பா இதைக் கேட்டார். பாம்பு இருக்கலாம், தேள் இருக்கலாம். டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் கல். அது அவர் சட்டம்.

முதல் நான்கு ஓட்டைகளில் நெய்தி ஒழுங்காகப் பார்த்தாள். அப்போது மாமா மகன் வில்பெர் தன் மூன்று சக்கர வண்டியில் வந்து மணியடித்தான். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிப் போகும் வண்டி. மழையில் யாரும் வராததால் அவனுக்குப் பொழுது போகவில்லை.

"என்ன, பறவை டீச்சர்? ஏரி வரைக்கும் ரேஸ் வர்றியா? பயமா இருந்தா இப்பவே சொல்லிடு."

அதற்குப் பிறகு அப்பா ஏழு முறை கேட்டார். ஏழு முறையும் நெய்தி "பாத்துட்டேன்" என்றாள்.

ரேஸில் ஜெயித்தாள். இப்போது அதை நினைக்கவே பிடிக்கவில்லை.

சுவருக்கு ஓடிக் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம். வேறொன்றும் இல்லை.

ஓலைக் கொட்டகையில் அப்பா பூச்சுக் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வில்பெர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

"அப்பா, நேத்து நான் பொய் சொன்னேன்."

முழுவதையும் சொல்லி முடித்தாள். அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"எத்தனை ஓட்டை பாக்கல?"

"ஏழு."

"பன்னெண்டு மணிக்கு இன்ஜினியர் ரெந்தேரியா வர்றாரு. ஏழையும் உடைச்சா திரும்பப் பூச நேரமில்ல. வேலை முடியலன்னு எழுதிட்டா, அடுத்த சுவரு வேற ஆளுக்குப் போயிடும்." அப்பா சுவரைப் பார்த்தார். "அது போனாப் போகட்டும். ஒரு எடத்துல தட்டினா பக்கத்துல கல்லு உதிரும். குஞ்சு தலையிலயே விழுந்தா?"

"எதுன்னு தெரிஞ்சா ஒண்ணை மட்டும் உடைக்கலாம் இல்ல?"

"தெரியணுமே!"

"தோ சொல்லும்ப்பா. ஆனா நாம அங்க நின்னா சொல்லாது."

வில்பெர் சிரித்தான். "உன்கிட்ட சொல்லும்னு கடுதாசி போட்டுச்சா?"

"நீயும் வா. உன் வண்டி வேணும்."

சுவரை விட்டுத் தள்ளி வண்டியை நிறுத்தி, மூவரும் அதன் பின்னால் குந்தினார்கள். வண்டிக் கூரையிலிருந்து வழிந்த தண்ணீர் நேராக வில்பெரின் கழுத்துக்குள் இறங்கியது.

"எனக்குத் தும்மல் வருது."

"தும்மினே, அவ்வளவுதான்."

"மூக்குக்கு அது புரியுமா?"

"பேசாதீங்க ரெண்டு பேரும்" என்றார் அப்பா.

அரை மணி நேரம் போனது. கால் மரத்துப் போனது. கொசு பிடுங்கியது.

வால் நின்றது.

தோ கிளையை விட்டுப் பறந்து சுவரோரம் போனது. ஓர் இடத்தில் சிறகடித்துத் தொங்கி, காரையில் அலகை முட்டியது. மறுபடி கிளைக்கே திரும்பி வாலை ஆட்டத் தொடங்கியது. நெய்தி கண்ணை எடுக்காமல் எண்ணினாள். மூலையிலிருந்து ஒன்பது.

இரண்டாவது முறையும் ஒன்பது. மூன்றாவது முறையும்.

"ஒம்பதாவதுப்பா. மத்த ஆறுக்கு யாரும் வரல."

அப்பா உளியைத் தட்டவில்லை. கையால் அழுத்திச் சுரண்டினார். மழை ஈரத்தில் காரை இன்னும் இறுகியிருக்கவில்லை. சில்லுக் கற்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசிக் கல் மட்டும் அசைய மறுத்தது. ரேஸுக்குப் போகும் அவசரத்தில் நெய்தி சுத்தியலால் அடித்த கல்.

அது வந்ததும் அப்பா டார்ச்சை அவளிடம் நீட்டினார்.

"உள்ள பாரு."

நெய்தி பார்த்தாள். ஆழத்தில் பாதி இறகு முளைத்த மூன்று குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. வெளிச்சம் பட்டதும் மூன்று வாய்கள் மெதுவாகத் திறந்தன.

நான்காவது மட்டும் வாசல் வரைக்கும் வந்திருந்தது. கல் இருந்த இடத்தைப் பார்த்தபடி கிடந்தது. அதன் வாய் திறக்கவில்லை.

நெய்தி அதை இரண்டு கையாலும் எடுத்தாள். ஒரு வெள்ளரிப் பிஞ்சின் கனம்கூட இல்லை. வில்பெர் தொப்பியைக் கழற்றினான்.

அவளுக்குத் தேம்பல் வந்தது.

"அழு" என்றார் அப்பா. "ஆனா தள்ளி வந்து அழு. தாய்க்கு வழி விடு."

சப்போட்டா மரத்தடியில் வில்பெர் குழி தோண்டினான். நெய்தி மண்ணைத் தள்ளி மூடினாள்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ரெந்தேரியா குடையோடு வந்தார். சுவரோரம் நடந்தார். எண்ணினார். நின்றார்.

"பத்துதான் மூடியிருக்கு பௌலினோ. இது என்ன, நடுவுல ஒரு ஓட்டை?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் நெய்தி முன்னால் வந்தாள்.

"உள்ள பாக்காம நான்தான் மூடினேன். பாத்துட்டேன்னு அப்பாகிட்ட பொய் சொன்னேன். உள்ள நாலு குஞ்சு இருந்துச்சு. இப்ப மூணு."

"பதினோரு ஓட்டைன்னு காகிதத்துல இருக்கு. நான் என்னன்னு எழுதறது?"

அந்த நேரம் பார்த்து அவர் குடைக்கும் தொப்பிக்கும் நடுவே ஏதோ நீலமாகக் கிழித்துக்கொண்டு போய் ஓட்டைக்குள் நுழைந்தது. உள்ளே கீச்சுக் கீச்சென்று ஒரே சண்டை.

ரெந்தேரியா குனிந்தார். நிமிர்ந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பறக்க எத்தனை நாளாகும்?"

"ரெண்டு வாரம்" என்றாள் நெய்தி.

அவர் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு எழுதினார். நெய்தி எட்டிப் படித்தாள். 'பத்து ஓட்டைகள் முடிந்தன. மீதி ஒன்றில் ஆள் இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து.'

"அப்போ மூடறப்ப..." என்று அவர் ஆரம்பித்தார். நெய்தியின் முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டார்.

அவர் போன பிறகு அப்பா பையைப் பிரித்தார். சோள ரொட்டி ஊறிப் போயிருந்தது. ஆளுக்கு ஒன்றாகத் தின்றார்கள். நெய்தியால் பாதிதான் முடிந்தது.

மழை விடவில்லை. தோ ஒரு சிள்வண்டோடு வந்தது, நுழைந்தது, வெளியே பாய்ந்தது, அடுத்ததோடு வந்தது. வாலை ஆட்டிக்கொண்டு உட்கார இப்போது அதற்கு நேரமே இல்லை.