கதவுக்கு அடியில் போன வயர்

வட இங்கிலாந்தில், ஹல் துறைமுகத்தை ஒட்டிய அந்த வாடகை வீட்டுக்கு நானும் என் மகள் டாம்சினும் நவம்பரில் குடிபோனோம். ஈரச்சுவர், பூஞ்சை வாடை, மாடியில் ஒரே ஒரு குளியலறை. எங்கள் ஊர்க் குளியலறைகளில் பிளக் பாயிண்ட் வைக்க மாட்டார்கள். தண்ணீர் பக்கம் கரண்ட் போகக்கூடாது என்று அவ்வளவு முன்யோசனை. அதையும் தோற்கடிக்கத்தான் பிள்ளைகளைப் பெற்று வைத்திருக்கிறோமே!

வந்த வாரமே டாம்சின், மாடிநடையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொருகி, கதவுக்கு அடியில் வயரை உள்ளே விட்டு, சார்ஜில் கிடந்த போனோடு குளியல் தொட்டியில் படுத்துவிட்டாள்.

நான் பிடுங்கி எறிந்தேன்.

“எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க. நீ மட்டும்தான் சாமியாடுற!”

கூச்சல் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் காலை பக்கத்து வீட்டு ஜீன் வந்தாள். ஊற்றி வைத்த டீயைத் தொடவே இல்லை.

“லொரைன், உங்களுக்கு முன்னாடி டோனான்னு ஒருத்தி இருந்தா. அவ பொண்ணு இந்தத் தொட்டியிலதான் போனா. சார்ஜ் போட்டிருந்த போன் தண்ணியில விழுந்துருச்சு. பிள்ளை அழறாளேன்னு வயரை உள்ள தள்ளினதே டோனாதான். அப்புறம் அவளும் ரொம்ப நாள் உயிரோட இருக்கல.”

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் என்பார்கள். இங்கே உயிரையே பிடுங்கியிருக்கிறது. வீட்டுக்காரன் எங்களிடம் மூச்சுகூட விடவில்லை. தொட்டியைப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தான், பாவி.

அன்றே அந்த வயரைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. குளிர்காலமாதலால் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. டாம்சின் குளிக்கப் போனாள். நான் கீழே உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன்.

மாடியில் ஒரு பெண் குரல்.

“இந்தா கண்ணு, அழாத. இதுல போட்டுக்க.”

என் குரல்தான்.

எப்படிப் படியேறினேன் என்று தெரியாது. மாடிநடை முழுக்க முடி கருகிய வாடை. பாயிண்டில் சொருகிய பழைய வெள்ளை வயர் ஒன்று கதவுக்கு அடியில் போயிருந்தது. பிடுங்கினேன். கதவை இடித்தேன்.

டாம்சின் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து திறந்தாள். உயிரோடு இருந்தாள்.

“ஏம்மா பிடுங்கின? இப்பத்தான நீயே கொடுத்த?”

அன்றைக்கே அந்த வீட்டை விட்டு ஓடி வந்துவிட்டோம். இப்போது ஊரின் மறுகோடியில் என் தங்கை வீட்டில் இருக்கிறோம். டாம்சின் மிரண்டுபோய்த் திருந்திவிட்டாள். குளிக்கப் போகும்முன் போனை அவளே என்னிடம் கொடுத்துவிடுகிறாள்.

இதோ, உள்ளே குளித்துக்கொண்டிருக்கிறாள். நான் கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். போன் என் மடியில் இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை.

“வேணாம்மா, பயமா இருக்கு” என்கிறாள் டாம்சின்.

தண்ணீர் சலசலக்கிறது. மறுபடியும் டாம்சின் குரல்.

“சரி சரி, அழாதம்மா. கொடு.”