டர்போவில் ஒரு பிடி இரும்புத் தூள்

"ஐயோ... மாமா... வண்டி நிக்கலையே..."

லாரி ஷெட்டைக் கிழித்துக்கொண்டு கிளம்பியது அந்த அலறல்.

நல்ல அலறல்தான். நடுக்கம், பதற்றம், கடைசியில் ஒரு விம்மல் என்று எல்லாமே சரியான இடத்தில் இருந்தன. இருக்காதா பின்னே? குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு ஒரு வாரம் ஒத்திகை பார்த்த அலறல் அல்லவா!

மாப்பிள்ளை டிரைவர் சீட்டிலிருந்து குதித்தான். முழங்கை வேண்டுமென்றே தரையில் தேய்ந்தது. கொஞ்சம் ரத்தம் தெரிந்தால் நல்லது.

லாரியின் பம்பருக்கும் செங்கல் சுவருக்கும் நடுவில் மாமனார்.

உயிர் இல்லை.

அந்த வாய் இனி யாரையும் திட்டாது என்று நினைத்தபோது மாப்பிள்ளைக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதை அழுகையாக மாற்றினான்.

மாமனாருக்கு மூன்று லாரிகள், ஒரே மகள். வீட்டோடு வந்து சேர்ந்த மாப்பிள்ளையை அவர் மனிதனாகவே மதித்ததில்லை. டிரைவர்கள் முன்னால், கிளீனர்கள் முன்னால், டீ கொண்டுவருகிறவன் முன்னால்கூட, "துரைக்குத் தின்னத் தெரியும், துடைக்கத் தெரியாது" என்பார். அதையெல்லாம் மாப்பிள்ளை விழுங்கிக்கொண்டிருந்தான். போன மாதம் மகளின் கன்னத்தில் விரல் தடத்தைப் பார்த்தவர் கத்தவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"என் பொண்ணு இங்கதான் இருப்பா. நீ கிளம்புற நாளை நான் சொல்றேன்."

அவர் நாள் குறிப்பதற்குள் இவன் அவருக்கு நாள் குறித்துவிட்டான்.

வழி காட்டியதும் அவர்தான். பெரிய லாரி மேட்டில் ஏறும்போது முக்குகிறது, மேனிஃபோல்டைக் குடைந்தால் சரியாகிவிடும் என்று டிரைவர் நச்சரித்துக்கொண்டே இருந்தான். மேனிஃபோல்டு என்பது என்ஜின் கக்குகிற புகையை ஒன்றாகச் சேர்த்து டர்போவுக்கு அனுப்புகிற வார்ப்பிரும்புக் குழாய். உள்ளே சொரசொரப்பாக இருக்கும். அதைக் குடைந்து வழவழப்பாக்கினால் புகை தடங்கலின்றிப் பாயும், அந்தப் புகையில் சுற்றி என்ஜினுக்குக் காற்றை ஊதுகிற டர்போ விசிறி வேகமாகச் சுற்றும், வண்டி இழுக்கும்.

மாமனார் மசியவில்லை. பட்டறை நடத்துகிற ஸ்பேனர் அக்காவுக்கும் அவருக்கும் தெருவே வேடிக்கை பார்க்கிற அளவுக்குச் சண்டை நடந்தது. பிறகு ஒருநாள் சாப்பிடும்போது, மேனிஃபோல்டைக் குடைந்து மாட்டியாகிவிட்டது, இனி எவனும் வாயைத் திறக்கக் கூடாது என்று அறிவித்தார்.

மாப்பிள்ளை சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான். மூளை அவ்வளவு வேகமாகச் சுற்றியது.

குடைந்த இரும்புத் தூளைச் சுத்தம் செய்யாமல் மாட்டினால் அது டர்போவைத் தின்றுவிடும். டர்போ உடைந்தால் ஆயில் என்ஜினுக்குள் போகும். டீசல் என்ஜின் அந்த ஆயிலையே குடித்துவிட்டுத் தறிகெட்டு ஓடும். சாவியை அணைத்தாலும் நிற்காது. போனில் பார்த்த வீடியோக்கள் அவனுக்கு இத்தனையும் கற்றுக்கொடுத்திருந்தன.

ஸ்பேனர் அக்காவின் பட்டறையில் அரைக்கிற மேஜைக்கடியில் அந்தத் தூள் குவிந்துகிடக்கும். ஒரு பவுடர் டப்பா போதுமானதாக இருந்தது. டர்போவின் பின்குழாயைத் தளர்த்தித் தூளைக் கொட்டினான். ஸ்குரூடிரைவரால் உள்ளே விசிறியின் இரண்டு இதழ்களை நெளித்தான். இன்று மாமனார் ரேடியேட்டரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கியரைப் போட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

அவ்வளவுதான் கொலை!

ஷெட்டுக்குள் முதலில் ஓடிவந்தவள் அவன் மனைவி. அப்பாவைப் பார்த்தாள். கதறி அழுதாள்.

"அந்த ஸ்பேனர்காரி கொன்னுட்டா" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினான் மாப்பிள்ளை. "அவ குடைஞ்ச மேனிஃபோல்டுதான்... தூள் டர்போவுக்குள்ள போயிருக்கு. என்ஜின் தானா எகிறிடுச்சு. சாவியைத் திருகினேன், நிக்கல."

அவள் அழுகை ஒரு கணம் நின்றது. அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"மேனிஃபோல்டா?" என்றாள்.

"ஆமா."

அவள் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி அழத் தொடங்கினாள்.

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் எல்லோரையும் ஷெட்டுக்கு வரச் சொன்னார். கூடவே அரசாங்க ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு ஃபிட்டரும் வந்திருந்தார். ஸ்பேனர் அக்காவை இரண்டு பெண் போலீஸ் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். கையில் கிரீஸ், கண்ணில் நெருப்பு. மாப்பிள்ளையைப் பார்த்ததும் தரையில் துப்பினாள்.

"துப்புறதை ஸ்டேஷன்ல வெச்சுக்க" என்றார் இன்ஸ்பெக்டர். "இந்த வண்டியோட மேனிஃபோல்டு சமாச்சாரத்துல உனக்கும் பெரியவருக்கும் தகராறா?"

"தகராறுதான். தெருவே பார்த்துச்சு."

"என்ன வேலை செஞ்சே அதுல?"

ஸ்பேனர் அக்கா மாப்பிள்ளையின் பக்கம் தாடையைக் காட்டினாள். "எல்லாம் தெரிஞ்ச ஆளு அங்க நிக்கிறாரே. அவரு முதல்ல பேசட்டும். நான் அப்புறம் பேசுறேன்."

பயந்துவிட்டாள் என்று மாப்பிள்ளை நினைத்தான். அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அடுத்தது டிரைவர். மேனிஃபோல்டைக் குடைந்த பிறகு வண்டியில் மாற்றம் ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். டிரைவருக்குத் துக்கத்திலும் முகம் மலர்ந்தது. மேட்டில் மூன்றாவது கியரில் முக்கின வண்டி இப்போது நாலாவது கியரில் பறக்கிறது என்றான். குதிரை என்றான். பெரியவர் புண்ணியவான் என்று சொல்லி மூக்கைச் சிந்தினான்.

'நல்லாச் சொல்லுடா ராசா' என்று மாப்பிள்ளை மனசுக்குள் அவனைக் கொஞ்சினான். வண்டி பறக்கிறது என்றால் மேனிஃபோல்டில் கை வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? சாட்சி தானாக வந்து மடியில் விழுந்துவிட்டது.

ஃபிட்டர் டர்போவின் பின்குழாயைக் கழற்றினார். விரலை உள்ளே விட்டு வெளியே எடுத்தார். விரல் நுனியில் கறுப்பாக... இரும்புத் தூள்.

"இதழ் ரெண்டு நெளிஞ்சிருக்கு சார். தூளும் நிறைய இருக்கு."

"நான் சொன்னேன்ல" என்றான் மாப்பிள்ளை. குரல் அவனை மீறி உயர்ந்தது. "கொலைகாரி. சண்டை போட்ட ஆத்திரத்துல வேணும்னே தூளைத் துடைக்காம மாட்டியிருக்கா."

இன்ஸ்பெக்டர் அவன் தோளில் ஆறுதலாகக் கை போட்டார். "பதறாதீங்க. கோர்ட்டுல இந்தம்மா துடைச்சுத்தான் மாட்டினேன்னு சொல்லும். அதான் யோசிக்கிறேன். மாட்டும்போது யாராச்சும் பக்கத்துல இருந்தாங்களா?"

ஒரே ஒரு பொய்! அது மட்டும் போதும், ஸ்பேனர் அக்கா ஜென்மத்துக்கும் வெளியே வர மாட்டாள். இதற்கு முன் எதையும் ஒத்திகை பார்க்காமல் செய்யாத மாப்பிள்ளை, இதை மட்டும் ஒத்திகை இல்லாமல் செய்தான்.

"நான் இருந்தேன்" என்றான். "என் கண்ணால பார்த்தேன். உள்ள குடைஞ்சு பளபளன்னு இருந்துச்சு. தூள் அப்படியே ஒட்டியிருந்துச்சு. துடைக்கலையான்னு கேட்டேன். உன் வேலையைப் பாருன்னா."

"குடைஞ்சதை நீங்களே பார்த்தீங்க?"

"சத்தியமா பார்த்தேன்."

"சரி" என்று ஃபிட்டரிடம் திரும்பினார் இன்ஸ்பெக்டர். "மேனிஃபோல்டைக் கழட்டு."

ஃபிட்டர் ஸ்பேனரைப் போட்டார். நட்டு அசையவில்லை. இன்னொன்று. அதுவும் அசையவில்லை. எண்ணெய் விட்டார், சுத்தியலால் தட்டினார், நீளமான குழாயை ஸ்பேனரில் சொருகி முழு உடம்பையும் போட்டுத் தொங்கினார். கிறீச்சென்று ஒரு நட்டு போல்ட்டோடு முறிந்து விழுந்தது. ஃபிட்டரின் வாயிலிருந்து வந்த கெட்ட வார்த்தையை அச்சில் ஏற்ற முடியாது.

"என்ன சார் இது, துருப்பிடிச்சு வெல்டு வெச்ச மாதிரி இருக்கு. வண்டி கம்பெனியை விட்டு வந்ததுலேருந்து இதை ஒருத்தரும் கழட்டின மாதிரியே தெரியல."

மாப்பிள்ளையின் முதுகில் வேர்வை இறங்கியது. அடுத்த நட்டு... அதற்கடுத்தது... ஒருவழியாக மேனிஃபோல்டு கழன்று வந்தது. ஃபிட்டர் அதை வெளிச்சத்தில் திருப்பினார்.

வெளியே புத்தம் புதிய வெள்ளி நிறம்.

உள்ளே வருஷக்கணக்கில் படிந்த கரி, விரல் கனத்துக்கு. இன்ஸ்பெக்டர் பேனாக் கத்தியால் சுரண்டினார். கரிக்கடியில் சொரசொரவென்று பழைய வார்ப்பிரும்பு. ஒரு கீறல்கூட இல்லை.

குடையவே இல்லை!

"இப்ப நான் பேசலாமா?" என்றாள் ஸ்பேனர் அக்கா. "அந்தக் கிழவன் கடைசி வரைக்கும் ஒத்துக்கல சார். கம்பெனிக்காரன் செஞ்சதுல கை வைக்க நீ யாருடீன்னு கத்துனாரு. அப்புறம் அவரே வந்து, வெளிய பெயிண்டை அடி, குடைஞ்சாச்சுன்னு சொல்லிக்கிறேன், இந்த டிரைவர் வாயை அடைச்சாப் போதும்னாரு. கழட்டக்கூட இல்ல. இருந்த இடத்துலயே தகரத்துக்கு அடிக்கிற மாதிரி அடிச்சுவிட்டேன்."

இன்ஸ்பெக்டரின் கை மாப்பிள்ளையின் தோளில்தான் இருந்தது. ஆனால் அதில் ஆறுதல் போய் இறுக்கம் வந்திருந்தது.

"குடையாத மேனிஃபோல்டுலேருந்து தூள் எப்படிங்க வந்துச்சு? குடைஞ்சதை வேற கண்ணால பார்த்தேன்னு சத்தியம் பண்றீங்க..."

"சார்... அவ பொய் சொல்றா. நேத்து ராத்திரியே அவ உங்ககிட்ட ஏதோ சொல்லி..."

"அவ சொல்லல" என்றது ஒரு குரல்.

மாப்பிள்ளை திரும்பினான்.

அவன் மனைவி. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. குரலில் மட்டும் அழுகை இல்லை.

"நான்தான் சொன்னேன். பெயிண்ட் விஷயத்தை அப்பா அன்னைக்கே என்கிட்ட சொல்லிட்டாரு. டிரைவர் பறக்குது பறக்குதுன்னு சொல்றப்பல்லாம் நாங்க ரெண்டு பேரும் அடுப்பங்கரைக்குள்ள போய்ச் சிரிப்போம்." அவள் உதடு துடித்தது. "நேத்து நீங்க மேனிஃபோல்டுன்னு சொன்ன உடனே தெரிஞ்சுபோச்சு. எங்கப்பாவைக் கொன்னவன் கை என் தோள்ல இருக்கு, நான் கத்தல. கத்தியிருந்தா நீங்க வேற கதை யோசிச்சிருப்பீங்க."

அவனால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அவளை அடித்த நாளில்கூட அவனுக்கு அந்தக் கண்களைப் பார்த்துப் பயம் வந்ததில்லை. இப்போது வந்தது. ஓடலாமா என்று வாசலைப் பார்த்தான். ஸ்பேனர் அக்கா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். இப்போது அவள் பக்கத்தில் போலீஸ் யாரும் இல்லை. அவர்கள் இருவரும் இவன் பக்கத்தில் இருந்தார்கள்.

விலங்கு பூட்டுகிற சத்தம் ஷெட்டில் தெளிவாகக் கேட்டது.

ஜீப்பில் ஏறப்போன இன்ஸ்பெக்டர் டிரைவரைப் பார்த்து நின்றார். அவருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன்யா, கையே வைக்காத வண்டியை வெச்சுக்கிட்டு நாலாவது கியர்ல பறக்குதுன்னு சாட்சி சொல்லியிருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல?"

டிரைவர் தலையைச் சொறிந்தான். மேனிஃபோல்டைப் பார்த்தான். ஸ்பேனர் அக்காவைப் பார்த்தான். பிறகு இன்ஸ்பெக்டரிடம் நெருங்கி வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"பறந்தது நெஜம் சார். அது என்ன பெயிண்டுன்னு அக்காகிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்... என் ஸ்கூட்டருக்கும் ஒரு கோட் அடிக்கணும்!"